சமுய் தீவுக்கு இரண்டு பேர்

இத்தாலியின் பலேர்மோ நகரத்தில் இருக்கும் நம்மவர்கள் யாராவது தாய்லாந்துக்குப் போவதென்று முடிவெடுத்தால், விமானச் சீட்டு எடுப்பதற்கு முன்னால் ஜெயரட்ணத்தைப் போய்ப் பார்த்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிக்கு மேல், பல்லாறோ சந்தைக்குப் பின்பக்கச் சந்தில், சூசைப்பிள்ளையின் பலசரக்குக் கடை வாசலில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் அவர் இருப்பார். இருப்பார் என்பதைவிட விழுந்து கிடப்பார் என்று சொல்வதுதான் சரி. கிழமையில் ஆறு நாளும் விடியற்காலை ஆறு மணிக்கு வாளியோடு வெளிக்கிட்டு, பதினொரு கட்டடங்களின் மாடிப்படிகளைக் கழுவுகிற ஐம்பத்தெட்டு வயது மனிதருக்கு, ஏழாம் நாள் முழங்காலை மடக்கி உட்காருவதே ஒரு வேலை. அப்படி உட்கார்ந்த மனிதரிடம்தான் சனம் வந்து, யானை பார்க்கலாமா, படகில் போகலாமா, அருவியில் குளிக்கலாமா என்று கேட்கும்.

ஏன் தாய்லாந்து என்று புதியவர்கள் கேட்பார்கள். அகதியாக ஏற்றுக்கொண்டவர்களுக்கு இத்தாலி கொடுக்கிற பயணப் பத்திரத்தில் எல்லா நாடுகளுக்கும் போகலாம் என்று இருக்கும். அதற்குக் கீழேயே, இலங்கை தவிர என்று ஒரு வரியும் இருக்கும். பிறந்த நாட்டைத் தவிர உலகம் முழுவதும் உங்களுடையது என்று சொல்வதில் ஒரு பெருந்தன்மை இருக்கத்தான் செய்கிறது. ஆகவே தாயை, தகப்பனை, கூடப் பிறந்ததுகளைப் பார்க்கவேண்டும் என்றால், அவர்களை அங்கிருந்து வரச்சொல்லி, இவர்கள் இங்கிருந்து போய், நடுவில் யாரோ ஒருவருடைய நாட்டில் சந்திக்கவேண்டும். இரண்டு பக்கத்துக்கும் அலைச்சல் குறைந்த இடம் தாய்லாந்து. லீவு கிடைப்பதோ ஆவணியில்தான். பலேர்மோக்காரர் வீடுகளைப் பூட்டிவிட்டுக் கடற்கரைக்குப் போகிற மாதம் அது. அந்த மாதத்தில் புக்கெற் பக்கம் மழை கொட்டும், சமுய் தீவுப் பக்கம் பரவாயில்லாமல் இருக்கும். இதையெல்லாம் கண்டுபிடித்துச் சொன்னவர் ஜெயரட்ணம்தான்.

சொல்வதென்றால் சும்மா சொல்வதில்லை. பெரிய புத்தர் சிலைக்கு அறுபது சொச்சம் படி, வெயிலில் கால் சுடும், பதினொரு மணிக்கு முன்னால் ஏறிவிடவேண்டும். நாற்பத்திரண்டு தீவுகளுக்குப் போகிற படகில் பின்பக்கம் இருந்தால் குமட்டாது. அங்கே ஒரு பச்சைத் தண்ணீர்க் குளத்துக்கு ஏறுகிற இரும்புப் படி செங்குத்து, கைபிடியை விடக்கூடாது. ஒரு கோயிலில் இறந்துபோன பிக்கு ஒருவரின் உடல் அப்படியே இருக்கிறது, கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கிறார்கள், சின்னப்பிள்ளைகள் பயப்படும். கடற்கரையில் பாட்டன் பாறை, பாட்டிப் பாறை என்று இரண்டு உண்டு. அதைப்பற்றி மட்டும் அவர் ஒரே மாதிரித்தான் சொல்வார். "தாய் தகப்பனோடை போறவை அங்கை போகவேண்டாம். ஏன் எண்டு கேக்காதையுங்கோ." பிறகு அந்தப் பாறைகளைப் படத்தில் தேடிப் பார்த்து, அவை ஆண்குறி, பெண்குறி வடிவில் இருப்பதைக் கண்டவர்கள் இந்த வசனத்தை நினைத்து நினைத்துச் சிரித்திருக்கிறார்கள்.

படிகளைக் கண்டால் எண்ணுவது அவருடைய தொழில் வியாதி. நம்மூர்க் கோயிலில்கூட எண்ணுகிறவர். ஆகவே எங்கே எத்தனை படி என்பது அவரிடம் கேட்டவுடனே வரும்.

அவரிடம் கேட்டுப்போன குடும்பங்கள் நாற்பதுக்குக் குறையாது. விசித்திரம் என்னவென்றால், போன ஒருவரும் எதையும் பார்க்கவில்லை. திரும்பி வந்து, கடை வாசலில் ஒரு தாய்லாந்துச் சவர்க்காரத்தையோ மாம்பழ மிட்டாயையோ கையில் கொடுத்து, எல்லோரும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். "ஒரு நாள் போனம் அண்ணை. பிறகு அம்மா ஏலாதெண்டிட்டா. அறைக்குள்ளையே இருந்து கதைச்சு முடிஞ்சுது."

ஜெயரட்ணத்துக்குக் கோபம் வரும். "அவ்வளவு தூரம் போய் நெத்தலிக் கருவாடு பொரிச்சுக்கொண்டு இருந்தனீங்களாக்கும்."

"ஓம் அண்ணை. குளிக்கிற அறைக்குள்ளை வைச்சு, கதவைச் சாத்திப்போட்டு."

அவர் தலையை ஆட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். தீவின் ஒவ்வொரு மூலையையும் பார்த்த ஒரே ஆள் நம்மவர்களில் அவர்தான் என்பதில் எல்லோருக்கும் வியப்பு. எப்படி நேரம் கிடைத்தது என்று ஒருவரும் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் பிடிபட்டிருக்கும். 2016ஆம் ஆண்டு ஆவணியில் அக்காவைச் சந்திக்கப் போன ஜெயரட்ணம், அந்த ஏழு நாளும் தனியாகத்தான் இருந்தார். அக்கா வரவில்லை.

இது தெரிந்தவர் பலேர்மோவில் ஒரே ஒருவர், மனைவி சிவமலர். அந்த வருடம் சிவமலர் வேலை செய்த வீட்டு எசமானியான சிஞ்ஞோரா மொண்டெல்லோக் கடற்கரைக்குப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டதால், ஜெயரட்ணம் தனியே கிளம்பவேண்டியதாயிற்று. திரும்பி வந்தவரின் முகத்தைப் பார்த்து சிவமலர் ஒன்றும் கேட்கவில்லை, அவராகத்தான் சொன்னார். மற்றவர்கள் கேட்டார்கள். "அக்காவைக் கண்டனீங்களே? எங்கையெல்லாம் கூட்டிக்கொண்டு போனனீங்கள்?" ஓம் என்று சொல்வது சுலபமாக இருந்தது. அன்றிலிருந்து அவருடைய எல்லாக் கதைகளிலும் அக்கா பக்கத்தில் வரத் தொடங்கிவிட்டார். அக்கா புத்தர் சிலைப் படியில் மூச்சு வாங்கினார். அக்கா படகில் பின்பக்கம் இருந்தார். இரும்புப் படியில் அக்கா கைபிடியை விடவேயில்லை.

உண்மையில் நடந்தது வேறு.

அக்கா ஞானம்பிகை தம்பியைவிட ஒன்பது வயது மூத்தவர். தாய் இல்லாத வீட்டில் தம்பியை வளர்த்து ஆளாக்கியவர். கிளிநொச்சியில் முப்பது வருடம் அரசாங்க மருத்துவமாதாக இருந்தார். பிள்ளை பிறந்த நிமிடத்தைச் சரியாகப் பார்த்து எழுதிக்கொடுப்பதில் பேர்போனவர். அவர் எழுதிக்கொடுத்த நேரத்தை வைத்து நூற்றுக்கணக்கான சாதகங்கள் கணிக்கப்பட்டிருக்கின்றன. ஒரு நிமிடம் முன்பின் ஆனால் ஒரு உயிருடைய தலையெழுத்தே மாறிவிடும் என்று நம்புகிறவர் நேரத்தோடு விளையாடமாட்டார்.

கொழும்பிலிருந்து பாங்கொக் விமானம் நள்ளிரவு தாண்டி. கிளிநொச்சியிலிருந்து கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு ஏழு மணித்தியாலம். அது ஞாயிற்றுக்கிழமை. பின்னேரம் மூன்று மணிக்கு வரவேண்டிய வாடகை வான் நாலே காலுக்கு வந்தது. பையை ஏற்றி, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து நிமிர நாலரை. ஞாயிற்றுக்கிழமை நாலரையிலிருந்து ஆறு மணிவரை ராகுகாலம். ஞானம்பிகை திரும்ப வீட்டுக்குள் போய்க் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். சாரதி கெஞ்சினான், அயலட்டை கத்தியது. இத்தனை வருடமாகத் தம்பி எதற்கும் கூட இருக்கவில்லை, இந்தப் பயணம் மட்டும் பிழைத்துப் போய்விடக்கூடாது என்று அவர் சொன்னாராம். ஆறு மணி அடித்தபிறகு வலது காலை எடுத்துவைத்து ஏறினார். விமான நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது விமானம் போய்விட்டிருந்தது.

பாங்கொக்கில் காத்து நின்ற ஜெயரட்ணம் இதைத் தொலைபேசியில் கேட்டார். இரண்டு நாளாகச் சரியான நித்திரை இல்லை, சாப்பாடு இல்லை. வந்த ஆத்திரத்தில், "நீங்கள் உங்கடை ராகுகாலத்தோடையே இருங்கோ. எனக்கு இனி அக்கா இல்லை" என்றார். அவர் தொலைபேசியை வைத்துவிட்டார்.

அவ்வளவோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. அடுத்த நாள் அக்கா மூன்று தடவை அழைத்தார். புதன்கிழமை விமானத்தில் ஒரு இடம் இருந்ததாம், அதைச் சொல்லத்தான் அழைத்தார் என்பது பின்னால் ஒரு உறவினர் மூலம் தெரியவந்தது. ஜெயரட்ணம் எடுக்கவில்லை. திரையில் பெயரைப் பார்த்துக்கொண்டே எடுக்காமல் இருந்தார். சிவமலருக்கும் இதை அவர் சொன்னதில்லை.

அந்த ஏழு நாளில் ஐந்து நாளுக்குச் சுற்றுலாவெல்லாம் முன்கூட்டியே பதிந்து வைத்திருந்தார். எல்லாம் இரண்டு பேருக்கு. காலையில் விடுதி வாசலுக்கு வான் வரும். சாரதியின் கையில் இருக்கிற தாளில் இரண்டு என்று போட்டிருக்கும். அவன் ஜெயரட்ணத்தைப் பார்ப்பான், அவருக்குப் பின்னால் கதவைப் பார்ப்பான், இரண்டு விரலைக் காட்டுவான். இவருக்கு ஆங்கிலம் தகராறு, அவனுக்கும் அப்படியே. "கமிங், கமிங்" என்பார். அவனும் இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் காத்து நிற்பான். பிறகு, வான் நிறைந்த வெள்ளைக்காரர்கள் முணுமுணுக்கத் தொடங்கியதும் கதவைச் சாத்துவான். ஐந்து நாளும் இதுதான் நடந்தது. வரமாட்டா என்று ஒரு தடவைகூட அவருக்குச் சொல்ல வரவில்லை. அறையில் இருந்தால் பைத்தியம் பிடிக்கும் என்று போனார். போன இடத்தில் பார்க்க வேறு ஆளில்லாததால் எல்லாவற்றையும் நன்றாகப் பார்த்தார், படிகளை எண்ணினார்.

பிறகு என்ன, மாதத்துக்கு ஒரு தடவை அக்காவுக்குத் தொலைபேசி எடுப்பார். "சாப்பிட்டனீங்களே?" "ஓம். நீ?" "ஓம்." "மழையே?" "இல்லை, வெயில்." இப்படியே ஒன்பது வருடம் போயிற்று. அந்தச் சொல்லைத் திரும்ப எடுக்கவேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பார். தொலைபேசியில் எடுக்கக்கூடிய சொல்லாக அது இருக்கவில்லை. நேரில் நின்று, முகத்தைப் பார்த்து எடுக்கவேண்டிய சொல்.

போன பங்குனியில் ஞானம்பிகையே பேச்சை எடுத்தார். "தம்பி, கண் ஒப்பரேசன் செய்தாச்சு. இனிப் பாக்கலாம்."

"எதைப் பாக்க?"

"உன்னைத்தான். வேறை எதை?"

அன்று ஜெயரட்ணம் வியா மக்வேதாத் தெருவுக்குப் பக்கத்தில் ஒரு ஐந்து மாடிக் கட்டடத்தின் மூன்றாம் மாடிப் படியில் நின்றார். கழுவின படியிலேயே குந்திவிட்டார். காற்சட்டை நனைந்தது. கீழே இருந்து ஏறி வந்த ஒரு கிழவர், உடம்புக்கு என்ன என்று கேட்டுவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு அந்த மனிதரைப் பார்க்கச் சிரிப்பாக இருந்தது. ராகுகாலத்தைத் திட்டினவர், தொலைபேசியில் பஞ்சாங்கம் இறக்கி வைத்துக்கொண்டார். துடைப்பானைச் சுவரில் சாத்திவிட்டுக் கிளிநொச்சியில் இப்போது எமகண்டமா, குளிகையா என்று பார்ப்பார். சிவமலர் ஒரு நாள் பொறுக்கமுடியாமல் கேட்டார். "இஞ்சேருங்கோ, நீங்கள் சுற்றுலா பதியிறியளோ, கலியாணத்துக்கு நாள் பாக்கிறியளோ?"

"இந்த முறை பிழைக்கக்கூடாது."

"அவ ஒரு கிழமைக்கு முன்னமே கொழும்புக்கு வந்து நிக்கட்டுமன்."

"அவவுக்கு இடம் மாறினா நித்திரை வராது. வந்து வருத்தமாப் படுத்தா ஆர் பாக்கிறது?"

கடைசியில் ஜெயரட்ணத்துக்கே ஒரு யோசனை வந்தது. பயணம் போகிறவர் வெளிக்கிடுகிற நேரம் சரியில்லையென்றால், முதல் நாளே நல்ல நேரம் பார்த்து, பயண மூட்டையைக் கொண்டுபோய் அயல் வீட்டில் வைத்துவிடுவது உண்டு. மூட்டை வெளிக்கிட்டால் ஆள் வெளிக்கிட்ட மாதிரி. பிறகு எந்த நேரத்திலும் வாசல் தாண்டலாம், ராகு ஒன்றும் கேட்கமாட்டார். தொலைபேசியில் அக்காவிடம் இதைச் சொன்னார்.

"இது எனக்குத் தெரியாததே தம்பி. எத்தினை பேருக்குச் சொல்லிக் குடுத்திருப்பன். அண்டைக்கு உன்னைப் பாக்கப்போற சந்தோசத்திலை தலை வேலை செய்யேல்லை."

சந்தோசம் என்று ஜெயரட்ணம் அந்த நாளை ஒருபோதும் நினைத்ததில்லை.

அக்காவின் அயல்வீட்டுக்காரன் ஜெனிஸ்டன், வேதக்காரப் பொடியன், சொந்தமாக வான் வைத்திருந்தான். அவனுடைய வீட்டு மாதா படத்துக்குக் கீழே செவ்வாய்க்கிழமை காலை நல்ல நேரத்தில் மூட்டை போய் உட்கார்ந்தது. அவன் அதைப் படம் எடுத்து அனுப்பியிருந்தான். பலேர்மோவில் ஜெயரட்ணம் அந்தப் படத்தை அந்த ஒரு நாளிலேயே இருபது தடவை பார்த்தார். நீலப் பை, அதன் மேலே ஒரு மஞ்சள் துணியால் கட்டிய ரைஸ் குக்கர் பெட்டி.

இந்த ஆயத்தங்களுக்கு நடுவிலும் ஞாயிற்றுக்கிழமைகள் வந்தன. புறப்படுவதற்கு இரண்டு கிழமைக்கு முன்னால் துசானி என்ற பிள்ளை, இரண்டு சின்னப்பிள்ளைகளின் தாய், அடுத்த வருடம் பெற்றோரைச் சந்திக்கப் போகப்போகிறவள், கொப்பியும் பேனையுமாக வந்து நின்றாள்.

"அண்ணை, அந்தப் பச்சைக் குளத்துக்கு அம்மாவை ஏத்தலாமே? அறுபத்தஞ்சு வயசு. உங்கடை அக்கா ஏறினவ எண்டு சொன்னனீங்களாம்."

"ஏறினவ," என்றார் ஜெயரட்ணம். "கைபிடியை விடேல்லை." சொல்லும்போதே வாய் கசந்தது. சூசைப்பிள்ளை உள்ளேயிருந்து, "நல்ல தைரியமான மனுசி" என்றார். அன்று ஜெயரட்ணம் தேத்தண்ணி குடிக்காமலே எழுந்து போய்விட்டார்.

சிவமலருக்கு இடுப்பு நோவு, இந்த முறையும் ஜெயரட்ணம் தனியாகத்தான் போனார். பாங்கொக் விமான நிலையத்தில், ஒன்பது வருடத்துக்கு முன்னால் நின்ற அதே கம்பிக்குப் பக்கத்தில்தான் நின்றார். சனம் வந்துகொண்டேயிருந்தது. இலங்கை விமானத்திலிருந்து வந்தவர்கள் என்று பார்த்தவுடன் தெரிந்தது. எல்லோரும் வந்து முடிந்தார்கள். முழங்கால் நோவையெல்லாம் மறந்து நுனிக்காலில் நின்றார். கடைசியாக, ஒரு விமானநிலையப் பெண் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வர, அந்த நாற்காலியில் நீலப் பையும் ரைஸ் குக்கர் பெட்டியும் இருந்தன. பைக்குப் பக்கத்தில், நாற்காலியில் ஏறமாட்டேன் என்று பிடிவாதமாக, ஒரு சின்ன மனுசி நடந்து வந்தார். படத்தில் பார்த்ததைவிடப் பாதியாக இருந்தார்.

கிட்ட வந்து, நிமிர்ந்து பார்த்து, ஞானம்பிகை கேட்ட முதல் கேள்வி இதுதான். "நேரத்துக்கு வந்திட்டனே?"

ஜெயரட்ணத்தால் ஓம் என்றுகூடச் சொல்லமுடியவில்லை. பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

சமுய் தீவில் அதே விடுதி, அதே சுற்றுலாக்கள், பதிவும் அதே மாதிரி இரண்டு பேருக்கு. முதல் நாள் காலை எட்டு மணிக்கு வான் வந்து நின்றது. சாரதி வேறு பொடியன், ஆனால் கையில் அதே மாதிரித் தாள். ஜெயரட்ணத்தைப் பார்த்தான், கதவைப் பார்த்தான், இரண்டு விரலைக் காட்டினான்.

"கமிங்," என்றார் ஜெயரட்ணம்.

பொடியன் இயந்திரத்தை நிறுத்தினான். ஐந்து நிமிடம் போயிற்று. அக்கா சேலைக்கு ஊசி குத்துகிறார் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். வானுக்குள் இருந்த ஒரு வெள்ளைக்காரர் மணியைப் பார்த்தார். எட்டு நிமிடம். கதவு திறந்து, தொப்பியும் கைப்பையும் தண்ணீர்ப் போத்தலுமாக ஞானம்பிகை வந்தார். வானில் ஏற அவருக்கு இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியிருந்தது. பொடியன் ஒன்று, இரண்டு என்று எண்ணித் தாளில் கோடு போட்டான். ஜெயரட்ணம் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஏன் தம்பி, தலைசுத்துதே?"

"இல்லை." வான் கொஞ்சத்தூரம் போனபிறகு சொன்னார். "அந்த முறையும் வான் இப்பிடித்தான் நிண்டது அக்கா. அஞ்சு நாளும். நீங்கள் வாறியள் எண்டு சொல்லி மறிச்சு வைச்சிருந்தனான்."

ஞானம்பிகை தண்ணீர்ப் போத்தலைத் திறந்து அவரிடம் நீட்டினார்.

"நீங்கள் அடுத்த நாள் போன் எடுத்தனீங்கள். நான் எடுக்கேல்லை. பாத்துக்கொண்டுதான் இருந்தனான்."

"தெரியும். மூண்டு தரம் அடிச்சனான். நாலாந்தரம் அடிக்கேல்லை. எனக்கும் கோவம்தான்."

"அக்கா இல்லை எண்டு சொல்லிப்போட்டன்."

"சொன்னனி," என்றார் அக்கா, யன்னலுக்கு வெளியே தென்னைகளைப் பார்த்தபடி. "சொல்லிப்போட்டு மாசாமாசம் ஆருக்குப் போன் எடுத்தனி? அக்கா இல்லாதவன் ஆரிட்டை, சாப்பிட்டனீங்களே எண்டு கேட்டவன்?"

ஜெயரட்ணம் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். ஒன்பது வருடமாகச் சுமந்தது அவ்வளவு சாதாரணமாக இறங்கிவிட்டதில் அவருக்கு ஒரு பெரிய களைப்புத்தான் வந்தது, நித்திரை வருகிற மாதிரி ஒரு களைப்பு. அதற்கு முதலே அக்கா அவர் தோளில் சாய்ந்து நித்திரையாகிவிட்டார். தொப்பி நழுவி மடியில் விழுந்தது. புத்தர் சிலையடியில் வான் நின்றபோது அவர் எழும்பவில்லை. எல்லோரும் இறங்கிப் போனார்கள். ஜெயரட்ணம் தோளை அசைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

இரண்டாம் நாள் படகு. பின்பக்கம் இருந்தும் அக்காவுக்குக் குமட்டியது. நாற்பத்திரண்டு தீவுகளும் ஒவ்வொன்றாகக் கடந்து போக, ஜெயரட்ணம் அவருடைய நெற்றியைப் பிடித்துக்கொண்டு, பிளாஸ்டிக் பையை விரித்துக்கொண்டு நின்றார். பச்சைக் குளத்துக்கு மற்றவர்கள் ஏறிப்போக, இவர்கள் கீழே மரநிழலில் இருந்து எலுமிச்சம்பழம் மணந்தார்கள். "இதுக்குத்தானே நீ இவ்வளவு தூரம் சனத்தை அனுப்பிறனி," என்று அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

மூன்றாம் நாள் வான் வந்தபோது ஜெயரட்ணம் இடுப்பில் கட்டிய சாரத்தோடு வெளியே வந்தார். பொடியன் இரண்டு விரலைக் காட்டினான். "ரூ," என்று இவரும் இரண்டு விரலைக் காட்டினார். பிறகு அறைப் பக்கம் கையைக் காட்டி, இல்லை என்று தலையாட்டினார். பொடியன் விளங்கிக்கொண்டு சிரித்துவிட்டுப் போனான். நான்காம் நாளும் அதுதான். அதற்குப் பிறகு வான் வரவில்லை.

ரைஸ் குக்கர் குளியலறையில் ஏறியது. வறுத்த மிளகாய்த்தூள் வந்திருந்தது, கருவாடு வந்திருந்தது. கதவைச் சாத்தி, அடியில் துவாயை அடைத்து, தண்ணீரைத் திறந்துவிட்டுக் கருவாடு பொரித்தார்கள். வரவேற்பறைப் பெண் ஒரு தடவை வந்து மூக்கைச் சுளித்துவிட்டுப் போனாள். பேசினார்கள் என்றும் பெரிதாகச் சொல்லமுடியாது. யார் யார் செத்தது, யார் வீட்டில் என்ன விசேஷம், சிவமலரின் இடுப்பு நோவு, ஜெனிஸ்டனுடைய வானுக்கு எத்தனை தடவை எஞ்சின் மாற்றியது. மத்தியானத்தில் இரண்டு பேரும் இரண்டு கட்டிலில் படுத்து நித்திரை கொண்டார்கள். பதினைந்து வருடமாகப் பகலில் படுத்தறியாத மனிதர் குறட்டை விட்டாராம். அக்கா அந்தக் குறட்டையை ஒரு தாளில் நேரம் போட்டு எழுதி வைத்தார்: ஒன்று இருபதிலிருந்து மூன்று ஐந்து வரை.

பிரிந்ததைப்பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பிரிகிறவர்கள் எல்லோரும் செய்வதைத்தான் செய்தார்கள். அக்கா இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார், மூன்றாம் தடவை பார்க்கவில்லை.

புரட்டாதி முதல் திங்கட்கிழமை ஜெயரட்ணம் திரும்பவும் ஆறு மணிக்கு வாளியைத் தூக்கினார். ஒரு மாதம் கழுவாத படிகள், கடல் மணலும் பூனை மூத்திரமும். சனிக்கிழமைவரை முதுகு நிமிரவில்லை. ஞாயிற்றுக்கிழமை கதிரையில் விழுந்தபோது துசானி கொப்பியோடு வந்துவிட்டாள்.

"அண்ணை, புதுசா என்னென்ன பாத்தனீங்கள்? சொல்லுங்கோ, எழுதிறன்."

ஜெயரட்ணம் அவளைப் பார்த்தார். பிறகு கடைக்குள் நின்ற சூசைப்பிள்ளைக்கும் கேட்கட்டும் என்று கொஞ்சம் உரக்கச் சொன்னார். "பிள்ளை, நான் முந்திச் சொன்னதிலை ஒரு பொய் இருக்கு. போன முறை அக்கா வரேல்லை. நான் தனியத்தான் நிண்டனான். அதுதான் எல்லாத்தையும் பாத்தனான்."

சூசைப்பிள்ளை அரிசி நிறுப்பதை நிறுத்திவிட்டார்.

"அப்ப இந்த முறை?" என்றாள் துசானி மெதுவாக.

"இந்த முறை வந்தவ."

"ரெண்டு பேருமா என்ன பாத்தனீங்கள்?"

"ஒண்டும் பாக்கேல்லை."

"அந்தச் சிலைக்கு ஏறினனீங்களே? இப்பவும் அத்தினை படிதானே?"

"எண்ணேல்லை பிள்ளை."

பேனை கொப்பியின் மேலே நின்றது. "அப்ப ஏழு நாளும் என்னதான் அண்ணை செய்தனீங்கள்?"

"இருந்தனாங்கள்," என்றார் ஜெயரட்ணம்.

துசானி கொப்பியை மூடினாள். அவர் கதிரையின் கையைப் பிடித்து மெல்ல எழும்பி, அல்பெர்கேரியாச் சந்துக்குள் நடந்து போய், லிஃப்ட் இல்லாத தன்னுடைய கட்டடத்தின் மூன்றாம் மாடிக்கு ஏறத் தொடங்கினார்.